சாக்குக்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை

டென்மார்க்கில் என் முதல் பண்டிகையை நான் ஓர் அலுமாரிக்குள் இருந்துதான் கொண்டாடினேன். ஒற்றைக் கதவு வைத்த மர அலுமாரி. உள்ளே யாரோ விட்டுப்போன கம்பளிக் கோட்டுகள் இரண்டு, பூச்சி உருண்டை மணம், அவற்றுக்கு நடுவே முழங்காலை நாடியில் முட்டுக் கொடுத்தபடி நான். கோட்டுக் கொழுவியின் கம்பி பிடரியில் குத்திக்கொண்டிருந்தது. வெளியே ஆறு பேர் எங்கள் வாசலில் நின்றார்கள். ஆறு பேரின் தலையிலும் சாக்கு, கையில் பொல்லு. ஒருவரும் வாய் திறக்கவில்லை. கதவைத் திறந்தவர் ஏதோ கேட்க, ஆறு சாக்குகளும் சேர்ந்து மேலும் கீழும் ஆடின. அவ்வளவுதான் நான் கண்டது. அதற்குப் பிறகு என் கால்கள் என்னைக் கேட்காமலே முடிவெடுத்துவிட்டன.

இந்தக் கதை யூலாந்துப் பக்கத்துத் தமிழர் மத்தியில் பிரபலம். வைலேயிலோ பிராண்டேயிலோ ஒரு கலியாண வீடு என்றால், சாப்பாடு முடிந்ததும் யாராவது என் தோளில் தட்டி, “ஐசே, அந்த அலுமாரிக் கதையை ஒருக்கா எடுத்து விடும்” என்பார்கள். நானும் விடுவேன். கோட்டின் கையை வாய்க்குள் திணித்துக்கொண்டு மூச்சை அடக்கியது, பயத்தில் கந்தசஷ்டி கவசத்துக்குப் பதிலாகப் பெருக்கல் வாய்பாடு வாயில் வந்தது, அதுவும் ஏழாம் வாய்பாட்டில் பிழை விட்டுத் திரும்ப முதலிலிருந்து தொடங்கியது எல்லாம் சொல்வேன். அலுமாரிக் கதவு திறக்கிற இடத்தோடு நிறுத்திவிடுவேன். சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை அந்த இடத்தில் முடியவில்லை. மிச்சத்தில் ஓவசியர் வருகிறார். அவர் வந்தால் பிறகு சிரிப்பு வராது என்பதால் முப்பது வருடத்துக்கு மேலாக அவரைக் கதைக்கு வெளியே நிறுத்தியே வைத்திருந்தேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி. அகதிகளாக வந்த எங்களில் ஒன்பது பேரை ஒரு பெரிய சதுப்பு நிலத்தின் ஓரத்தில், பழைய வேலையாட்கள் விடுதி ஒன்றில் கொண்டுபோய் விட்டிருந்தார்கள். முன்னொரு காலத்தில் அந்தச் சேற்றைக் கட்டி கட்டியாக வெட்டிக் காயவைத்து அடுப்பெரிக்க விற்ற ஊர். எங்கே பார்த்தாலும் கறுத்த தண்ணீர், அதற்குள் வெள்ளைத் தண்டோடு நிற்கிற மரங்கள், பனிப்புகார். வழியை விட்டுக் காலை வைத்தால் முழங்கால்வரை போகும். ஊர்ச்சனம் ஒரு நூறு, நூற்றைம்பது இருக்கும். சேற்றோடு சீவித்ததாலோ என்னவோ, அவர்களுக்கு எல்லாம் பகிடி. தங்கள் ஊரைத் தாங்களே ‘மீனும் மறந்துபோன இடம்’ என்பார்கள். பக்கத்து ஊர்க்காரர் செய்கிற எதையும் அப்படியே செய்யமாட்டார்கள். கொஞ்சம் கோணலாக்கித்தான் செய்வார்கள்.

ஓவசியர் எங்கள் நாட்டில் உண்மையாகவே ஓவசியர். வீதி போடுகிற திணைக்களத்தில் பதினேழு வருடம். நாற்பது வயதிருக்கும், எங்களுக்குள் மூத்தவர். நானும் அவரும் ஒரே அறை. எதையும் அளந்து பார்க்கிற மனிதர். அறைக்கு வந்த முதல் நாளே சாணாலும் விரலாலும் அளந்து, இரண்டு கட்டிலுக்கும் சரியான பாதி பிரித்துத் தந்தார். ஊரில் பெண்சாதியும் நாலு வயது மகளும் இருந்தார்கள். அவர்களைக் கூப்பிடுவதுதான் அவருடைய ஒரே வேலை. மற்றதெல்லாம் அந்த வேலைக்கு நடுவில் நேரம் போக்குவது. “அவ ஆக்களுக்குள்ளை வளந்தவ, தம்பி. கதைக்க ஆளில்லாட்டி ஒரு மாசத்திலை வத்திப் போடுவா. தமிழ்ச்சனம் இருக்கிற இடத்திலைதான் நான் வீடு எடுப்பன்” என்பார். வதிவிட அனுமதி கிடைத்ததும் ஒன்பது பேரும் வைலேயில் ஒரே மாடிக்கட்டிடத்தில், ஒரே படிக்கட்டில் வீடு கேட்பது என்று எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் இருந்தது. அந்தப் படிக்கட்டின் படம்கூட அவர் கீறி வைத்திருந்தார். எந்த மாடியில் யார் என்று அதில் எழுதியிருந்தது. அவருக்குக் கீழ்வீடு, பிள்ளை படியில் விழக்கூடாதாம்.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். சுன்னாகத்து அண்ணை. அவருடைய தம்பியை ஆமி ஒரு சுற்றிவளைப்பில் கொண்டுபோனது. பிறகு ஒரு தகவலும் இல்லை. அந்தச் சுற்றிவளைப்புகள் எப்படி நடக்கும் என்று எங்கள் ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை, தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஊர் ஆண்களை எல்லாம் ஒரு வெளியில் கூட்டி வரிசையாக நடத்துவார்கள். ஜீப்புக்குள் ஒருவன் தலையில் சாக்கோடு இருப்பான். கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை. ஒவ்வொருவராக அவன் முன்னால் போய் நிற்க வேண்டும். சாக்கு ஆடாவிட்டால் வீட்டுக்குப் போகலாம். ஆடினால் லொறியில் ஏற வேண்டும். தலையாட்டி என்போம். யார், எந்த ஊர், விரும்பி வந்தவனா, அடித்துக் கொண்டுவந்தவனா, ஒன்றும் தெரியாது. நானும் ஒருமுறை அப்படி நின்றேன். எனக்குச் சாக்கு ஆடவில்லை. எனக்கு முன்னால் நின்றவனுக்கு ஆடியது. அவன் என்னோடு படித்தவன். அலுமாரிக்குள் என்னைக் கொண்டுபோய் விட்டது அந்த ஜீப்தான். இதைக் கலியாண வீட்டில் சொல்வதில்லை.

அலுமாரிக் கதவைத் திறந்தவர் ரீச்சர். முன்பு பள்ளிக்கூடத்தில் சமையல் படிப்பித்துவிட்டு ஓய்வெடுத்த டெனிஷ்காரி. விடுதியில் எங்களைப் பார்த்துக்கொள்ள வருவார். கோட்டுகளை விலக்கி என்னைக் கண்டவர் சிரிக்கவில்லை. மற்ற எட்டுப் பேரும் அதை ஈடுசெய்துவிட்டார்கள். பாதி ஆங்கிலத்திலும் மீதி கையாலும் ரீச்சர் விளங்கப்படுத்தினார். இது பாஸ்டலாவ்ன். குளிர்காலத்தின் கடைசியில் வருகிற பண்டிகை. நாடு முழுதும் பிள்ளைகள் வேஷம் போட்டுக்கொண்டு, தொங்கவிட்ட பீப்பாவைப் பொல்லால் அடித்து உடைப்பார்கள். அந்தக் காலத்தில் பீப்பாவுக்குள் உயிருள்ள பூனை இருந்ததாம், இப்போது இனிப்பு. இந்தச் சதுப்பூரில் மட்டும் பெரியவர்களும் வேஷம் போடுவார்கள், ஆள் தெரியாதபடி. குரலை வைத்துப் பிடித்துவிடக் கூடாது என்பதற்காக வாய் திறக்கமாட்டார்கள். ‘நீ தபால்காரனா, நீ பால்காரனா’ என்று வீட்டுக்காரர் கேட்கக் கேட்க, முகமூடி தலையை மட்டும் ஆட்ட வேண்டும். பீப்பா உடையும்வரை பிடிபடாத ஆளுக்குப் பரிசு. எங்கள் வாசலுக்கு வந்தவர்கள் பின்னேரம் ஊர் மண்டபத்தில் நடக்கும் விளையாட்டுக்கு எங்களை அழைக்க வந்தவர்கள். எங்களில் ஒருவருக்கும் அந்த விளையாட்டுக் கேள்விகள் கேட்கத் தெரியாததால் கிறீம் வைத்த பணிஸ் ஒரு தட்டு வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

“பணிஸ் கொண்டுவந்தவங்களுக்கு ஒளிச்ச முதல் போராளி நீர்தான்” என்றார் சுன்னாகத்து அண்ணை.

“நான் ஒளிக்கேல்லை அண்ணை. கோட்டு அளவு பாத்தனான்.”

“கோட்டுக்குள்ளை இருந்து ஏழேழு நாப்பத்தெட்டு எண்டு கேட்டுது.”

இப்படியே மதியம்வரை போனது. பகிடிக்காரனைப் பகிடி பண்ணக் கிடைத்தால் சனம் விடுமா? எனக்குள் இன்னும் நடுக்கம் நிற்கவில்லை. அதை மறைக்க ஒரே வழி இன்னும் பெரிய பகிடி ஒன்று விடுவதுதான் என்று பட்டது. ரீச்சர் ஒரு பெட்டி நிறைய வேஷச்சாமான் கொண்டுவந்து வைத்தார். கடற்கொள்ளைக்காரன் தொப்பி, பாட்டிமார் சட்டை, காகித மூக்கு. அடியில் கழுவிக் காயவைத்த உருளைக்கிழங்குச் சாக்கு ஒன்று கிடந்தது. ஒன்பது பேரில் ஒருவரும் அதைத் தொடவில்லை; வேண்டுமென்று தவிர்ப்பது மாதிரிக் காட்டிக்கொள்ளவுமில்லை. நான் அதை உருவி எடுத்து, “இது எனக்கு” என்றேன். ஒருவரும் சிரிக்கவில்லை. அப்போதே திருப்பி வைத்திருக்கலாம். ஆனால் காலையில் அலுமாரிக்குள் இருந்தவன் மதியம் சாக்கைக் கீழே வைத்தால் அதற்குப் பிறகு அவனுக்கு என்ன மரியாதை?

கட்டிலில் இருந்துகொண்டு கண் ஓட்டை வெட்டப் பார்த்தேன். கத்தரிக்கோல் வேறெங்கோ போனது. ஓவசியர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழும்பி வந்து, சாக்கையும் கத்தரிக்கோலையும் வாங்கினார். சாக்கை உட்பக்கம் வெளியாகப் புரட்டினார். என் முகத்தைப் பார்க்கக்கூட இல்லை. இரண்டு விரலை வைத்து அளந்து, நான் நினைத்ததைவிடக் கீழே, நான் நினைத்ததைவிடக் கிட்டக் கிட்ட இரண்டு ஓட்டை வெட்டினார். பிறகு அவற்றுக்குக் கீழே குறுக்காக ஒரு சிறு வெட்டு.

“தையலை வெளியிலை விடும். உள்ளை விட்டா நெத்தியை அராவும்” என்றார். “மூக்குக்குக் கீழை ஒரு வெட்டு வேணும். இல்லாட்டி உம்மடை மூச்சே திரும்பி வந்து கண்ணை எரிக்கும்.”

ஒரு நல்ல வேலைக்காரன் சொல்கிற மாதிரிச் சொன்னார். சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கத்தரிக்கோலை மெதுவாக யன்னல் விளிம்பில் வைத்துவிட்டுக் குசினிப் பக்கம் போனார். கதவடியில் சப்பாத்துக்கு மினுக்குப் போட்டுக்கொண்டிருந்த சுன்னாகத்து அண்ணை நிமிரவில்லை. தூரிகை மட்டும் நின்றுவிட்டது.

ஊர் மண்டபத்தில் நான் ஒரு மணித்தியாலம் சாக்குக்குள் இருந்திருப்பேன். ஓவசியர் வெட்டியது அச்சொட்டாகப் பொருந்தியிருந்தது. நெற்றி அராவவில்லை, மூச்சு முட்டவில்லை, கண் எரியவில்லை. அந்தப் பொருத்தம்தான் என்னைக் கொன்றது. நடுவில் பீப்பா தொங்கியது. சுற்றிவர மாடு, பேய், பாதிரியார், கழுத்தில் மணி கட்டிய ஒரு பெரிய ஆடு. அக்கோடியன் வாசித்தவர் கோழி வேஷத்தில் இருந்ததால், பாட்டு முடிகிற போதெல்லாம் இறகு பறந்தது. உண்மையைச் சொன்னால் நான் கண்ட பண்டிகைகளிலேயே வடிவான பைத்தியக்காரத்தனம் அதுதான். டெனிஷ்காரர் ஒவ்வொருவராக என்னிடம் வந்து கேள்வி கேட்டார்கள்; ஒரு சொல்லும் விளங்காமல் நான் தலையை ஆட்டினேன்; அவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நாலு எட்டு முப்பத்திரண்டு, நாலு ஒன்பது முப்பத்தாறு என்று உள்ளே ஓடிக்கொண்டிருந்தது.

அப்போது சுன்னாகத்து அண்ணை வந்தார். வேஷம் இல்லை, மினுக்கின சப்பாத்தும் சிரிப்பும்தான்.

“நாங்களும் விளையாடுவம்” என்றார். “உள்ளை இருக்கிறது எங்கடை அலுமாரி வீரனோ?”

ஆட்டினேன். எங்கள் ஆட்கள் நாலைந்து பேர் சுற்றி வந்தார்கள். வெளிநாட்டுக்காரர் விளையாட்டைப் பிடித்துக்கொண்டார்கள் என்று டெனிஷ்காரருக்குப் பெரிய சந்தோஷம். கைதட்டித் தாளம் போட்டார்கள்.

“சாக்கு வெட்டித் தந்தது ஓவசியர்.”

ஆட்டினேன்.

“நீரும் லைனிலை நிண்டனீர், நானும் நிண்டனான். மூக்குக்குக் கீழை வெட்டு இருக்கெண்டு உமக்குத் தெரியுமோ?”

இல்லை என்று ஆட்டினேன்.

“எனக்கும் தெரியாது. வெளியிலை நிண்டு பாத்தவனுக்கு ஏன் தெரியப்போகுது.” சிரிப்பு மாறவேயில்லை. குரல் மட்டும் பதிந்தது. “அவர் உள்ளை இருந்தவர். என்ன?”

எனக்கு என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. ஓவசியர் எங்கே பிடிபட்டார், எப்போது விடுபட்டார், ஒரு சொல் அவர் சொன்னதில்லை. எனக்குத் தெரிந்தது இரண்டு ஓட்டையும் ஒரு வெட்டும்தான். சாக்கைக் கழற்றியிருக்கலாம். ‘உங்களுக்கென்ன விசரோ அண்ணை’ என்று கேட்டிருக்கலாம். அலுமாரியிலிருந்து வந்த கையோடு பகிடி விட்ட வாய் என்னிடம் இருந்தது. ஆனால் அந்த ஓட்டைகளால் பார்த்தபோது எதிரே வரிசையாக நின்ற முகங்கள் என்னிடம் ஒரு பதிலுக்குக் காத்துக்கொண்டிருந்தன. பதில் கொடுத்தால் போய்விடுவார்கள், என்னை விட்டுவிடுவார்கள் என்று பட்டது. பயந்த கழுத்து யாருடைய சொல்லையும் கேட்காது.

ஆட்டினேன்.

அதே நேரம் மண்டபத்தின் நடுவில் ஒரு சத்தம். ஓவசியரின் கையில் யாரோ பொல்லைக் கொடுத்திருந்தார்கள். அவர் பீப்பாவை ஒருமுறை சுற்றிப் பார்த்திருக்க வேண்டும், எந்தப் பலகை இளகியது என்று. ஒரே அடி. பீப்பா கழன்று விழ, இனிப்பும் தோடம்பழமும் நிலமெல்லாம் உருண்டன. கோழி வேஷக்காரர் அக்கோடியனை இழுக்க, பாதிரியார் வேஷக்காரர் ஓடிவந்து ஒரு மஞ்சள் காகிதக் கிரீடத்தை ஓவசியர் தலையில் வைத்தார். பீப்பாவை முடித்து வைக்கிறவர் பூனை ராசா. ஊர்முழுதும் அவருக்குக் கைதட்டியது. இந்த நாட்டுக்கு வந்தபின் அவர் பல்லுத் தெரியச் சிரித்ததை அன்றுதான் கண்டேன். சிரித்தபடியே எங்கள் பக்கம் திரும்பி எங்களைத் தேடினார். எட்டுப் பேர் நின்றோம். ஒரு கையும் தட்டவில்லை. அவர் எட்டுப் பேரையும் பார்த்தார். என் தலையில் இருந்த சாக்கையும் பார்த்தார். பிறகு கிரீடத்தை எடுத்து மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

ஒருவரும் அவரை அடிக்கவில்லை, ஏசவில்லை. அதையே நாங்கள் பெரிய பண்பாடு என்று நினைத்துக்கொண்டோம். சோற்றுப் பானையில் அடுத்த நாளிலிருந்து எட்டுப் பேருக்கு அரிசி போட்டார்கள், அவ்வளவுதான். அவர் தனிச் சட்டியில் காய்ச்சினார். ‘காட்டிக் கொடுத்தவன்’ என்ற சொல்லை ஒருவரும் உரத்துச் சொல்லவில்லை. நானும் எட்டுப் பேர் பானையில்தான் சாப்பிட்டேன். நல்ல பசி இருந்தது.

மூன்றாம் நாள் கோப்பை கழுவுகிற இடத்தில் அவர் என் பக்கத்தில் வந்து நின்றார். தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “காலமை போட்டு விட்டவங்கள். பொழுதுபடத்தான் கழட்டினவங்கள். அவ்வளவு சனமும் எனக்கு முன்னாலை வந்து போச்சுது.” பிறகு கையைத் துடைத்தார். “நான் ஆட்டினனோ இல்லையோ எண்டு கேக்க மாட்டீரோ, தம்பி?”

இந்த ஒரு கேள்விக்கு நான் ‘ஆட்டினீங்களோ அண்ணை’ என்று இரண்டு சொல் திருப்பிச் சொல்லியிருந்தால் போதும். அவர் ஓம் என்றிருக்கலாம், இல்லை என்றிருக்கலாம். இரண்டில் எதுவானாலும் அதை அறிந்த ஓர் ஆளாக நானாவது இருந்திருப்பேன். எனக்குத் திரும்பவும் அலுமாரிக்குள் ஓட வேண்டும் போல இருந்தது. வாய் தன் பழக்கத்தைக் காட்டியது.

“எனக்கு ஞாயிற்றுக்கிழமையிலை இருந்து கழுத்துப்பிடிப்பு, அண்ணை. தலையைப் பற்றி ஒண்டும் கதைக்காதையுங்கோ” என்றேன்.

அவர் மரியாதைக்குக் கொஞ்சம் சிரித்தார். மற்றவர்களின் பகிடிக்குச் சிரிக்காமல் விடுகிற மனிதர் இல்லை அவர். பிறகு அது பற்றி என்னிடம் கதைக்கவில்லை.

எங்களுக்கு அனுமதி கிடைத்து வைலேயில் வீடு கேட்டபோது எட்டுப் பேரும் ஒரே கட்டிடத்தைக் கேட்டோம். அநேகமாக எல்லாருக்கும் கிடைத்தது. ஓவசியர் தானாகவே வடக்கே, எங்கள் ஆட்கள் ஒருவரும் இல்லாத ஒரு சின்ன ஊரைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். ஒன்றரை வருடத்தில் பெண்சாதியும் பிள்ளையும் வந்தார்கள் என்று கேள்விப்பட்டோம். மீன் பதனிடுகிற இடத்தில் வேலை. பிறகு தமிழ்ச்சனம் இருந்த பிரெடெரிசியாவுக்குக் குடிவந்து பார்த்திருக்கிறார், பெண்சாதிக்காக. அதற்குள் கதை டெலிபோனில் முன்னுக்குப் போய், அவருக்கு முதல் அங்கே குடியேறிவிட்டது. நான் காலையில் ஒருவரிடம் சொன்னால் மாலையில் நாடறிகிற காலம் அது. இதை நான் ஒருவரிடமும் சொல்லவில்லை என்று ஒரு காலம் என்னை நானே தேற்றிக்கொண்டதுண்டு. உண்மைதான். ஒரு சொல்லும் சொல்லவில்லை.

சில வருடங்களுக்கு முன், பிரெடெரிசியாவில் ஒரு சாமத்தியவீடு. மண்டபம் நிறையச் சனம். பிள்ளைகள் தங்களுக்குள் டெனிஷில் கத்திக்கொண்டு மேசைக்குக் கீழே ஓடினார்கள். முப்பத்தைந்தைத் தாண்டிய ஒரு பெண் என் கதிரைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். வயோதிபர் பராமரிப்பு இல்லத்தில் வேலை. அங்கே கூட வேலை செய்கிறவளின் பிள்ளைக்குத்தான் அன்று பூப்புச் சடங்கு, அதனால்தான் வந்ததாம். தகப்பன் யாரென்று சொன்னாள். அவர் முந்தின வருடம் காலமாகிவிட்டாராம். எனக்குத் தெரியாது, ஒருவரும் சொல்லவில்லை.

“அந்தச் சதுப்புப் பக்கத்து விடுதியிலை நீங்கள் அப்பாவோடை ஒரே அறை எண்டு சொன்னவர், அங்கிள்” என்றாள். தமிழ் ஒவ்வொரு சொல்லாகத் தேடித் தேடி வந்தது. “செத்தவீட்டுக்கு ஒம்பது பேர். அதிலை அஞ்சு பேர் டெனிஷ். நான் சின்னனிலை இருந்து பாக்கிறன், எங்கடை வீட்டுக்கு ஒரு தமிழாக்களும் வாறேல்லை. அம்மா கூப்பிட்டாலும் வரமாட்டினம். அப்பா ஆருக்கும் ஏதும் பிழை செய்தவரோ?”

நேராகக் கேட்டாள். தகப்பனைப் போலவே. சுற்றிவர ஆட்கள் இருந்தார்கள்; சுன்னாகத்து அண்ணை இரண்டு மேசை தள்ளி, இப்போது காது கேட்காமல், கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அறுபது நெருங்குகிறது. இனி யாருக்குப் பயப்பட என்று நினைக்கத்தான் செய்தேன்.

“சீச்சீ, அப்பிடி ஒண்டுமில்லைப் பிள்ளை” என்றேன். “உங்கடை அப்பா ஒரு ஒதுங்கின ஆள். ஒருத்தரோடையும் பெரிசா அண்டமாட்டார். நாங்கள் எவ்வளவோ கூப்பிட்டுப் பாத்தனாங்கள்.”

மேசைக்குக் கீழே ஓடிவந்த ஒரு பிள்ளைக்கு அவள் ஒதுங்கி வழி விட்டாள்.

“ஓம். அம்மாவும் அப்பிடித்தான் சொல்லுறவ, அப்பாவிலைதான் பிழை எண்டு. நான்தான் நம்பேல்லை” என்றாள். “பரவாயில்லை அங்கிள். இப்பவாவது ஒராள் சொன்னீங்கள்.”

பிறகு, நான் வேண்டாம் என்று சொல்லியும் கேளாமல், போய் எனக்கு ஒரு தேத்தண்ணி எடுத்துக்கொண்டு வந்தாள். சீனி எத்தனை கரண்டி என்று கேட்டாள். இரண்டு என்றேன்.